பயோ கூட்டமைப்பின் தலைமைப் பதவி: ஜிம் கிரீன்வுட்டின் பணிவாழ்வும் அதன் முன்னும் பின்னும்

உயிர் அறிவியல் நிறுவனங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராக வருபவர் எந்தப் பாதையில் வருகிறார், வந்த பிறகு உண்மையில் என்ன வேலை செய்கிறார், அந்தப் பதவிக்கு அறிவியல் படிப்பு கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பொதுப்படையாகப் பதில் சொல்வதைவிட, அமெரிக்காவின் பயோ என்ற உயிரித் தொழில்நுட்பக் கூட்டமைப்பை ஏறத்தாழ 15 ஆண்டுகள் நடத்திய ஜிம் கிரீன்வுட்டை எடுத்துக்கொண்டு பேசுவது பயனுள்ளதாக இருக்கும். என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதவியில் இருப்பவரை அரசிடம் சென்று வாதாடுபவராகவே வெளியில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். அவருடைய உழைப்பில் பெரும்பகுதியோ, ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத தன் உறுப்பினர்களை ஒரே நிலைப்பாட்டில் நிறுத்தி வைப்பதிலேயே கரைகிறது. கிரீன்வுட்டின் வெற்றிகளும் தோல்விகளும், அவருக்குப் பின் வந்தவர்கள் பட்ட பாடும் இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் விளங்கும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். இந்தியாவில் ஓ.பி.பி.ஐ. போன்ற மருந்து நிறுவன அமைப்புகளில் தலைவர் என்பவர் பெரும்பாலும் ஓர் உறுப்பு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராகவே இருப்பார். சில காலம் அந்தப் பொறுப்பை வகித்துவிட்டு அடுத்தவரிடம் ஒப்படைப்பார். முழுநேர வேலையைச் செய்பவர் ஊதியம் பெறும் தலைமை இயக்குநர் அல்லது பொதுச் செயலாளர். அமெரிக்காவில் அந்த முழுநேர ஊழியரே தலைவர் என்றும் தலைமைச் செயல் அலுவலர் என்றும் அழைக்கப்படுகிறார். உறுப்பு நிறுவனங்களின் அதிகாரிகள் அடங்கிய இயக்குநர் குழுவும், அதற்கென்று ஒரு தலைவரும் தனியே உண்டு. அந்தக் குழு அவரை நியமிக்கிறது, அதுவே அவரை வீட்டுக்கும் அனுப்புகிறது. ஆகவே நாம் பேசப்போவது ஒரு கௌரவப் பதவியைப் பற்றி அன்று. எந்த நேரத்திலும் பறிபோகக்கூடிய ஒரு வேலையைப் பற்றி.

பயோ 1993-இல் உருவானது. அதற்கு முன் வாஷிங்டனில் உயிரித் தொழில்நுட்பத்துக்கு இரண்டு அமைப்புகள் இருந்தன. ஒன்றில் பெரிய நிறுவனங்களின் கை ஓங்கியிருந்தது, மற்றதில் சிறிய நிறுவனங்கள் மிகுந்திருந்தன. இரண்டும் இணைந்தபோது அந்த வேறுபாடும் சேர்ந்தே உள்ளே வந்துவிட்டது. ஒரு பக்கம் பல மருந்துகளை விற்று லாபம் பார்க்கும் ஆம்ஜென், ஜெனென்டெக் போன்றவை. மறு பக்கம், விற்பதற்கு ஒரு மாத்திரைகூட இல்லாமல், முதலீட்டாளர் தரும் பணத்தில் இன்னும் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் இருபது முப்பது பேர் கொண்ட நிறுவனங்கள். எண்ணிக்கையில் இவையே மிகப் பெரும்பான்மை. இவற்றோடு மரபணு மாற்றுப் பயிர் நிறுவனங்கள், தொழிற்சாலைகளுக்கான நொதிகளைச் செய்வோர், பல்கலைக்கழகங்கள், மாநில அளவிலான கூட்டமைப்புகள் ஆகியவையும் உண்டு. பெரிய மருந்து நிறுவனங்கள் மட்டுமே அங்கம் வகிக்கும் ஃபார்மா என்ற கூட்டமைப்பில் உறுப்பினர்கள் ஏறத்தாழ முப்பது பேர்தான். அங்கே பேசி முடிப்பது எளிது. ஆயிரம் உறுப்பினர் கொண்ட பயோவில் அப்படி முடியாது.

இணைந்த அமைப்பின் முதல் தலைவர் கார்ல் ஃபெல்ட்பாம். பிரின்ஸ்டனில் உயிரியலும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் சட்டமும் படித்தவர். பிலடெல்பியாவில் அரசு வழக்கறிஞராகவும், வாட்டர்கேட் ஊழலை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் அலுவலகத்திலும், பின்னர் பாதுகாப்புத் துறையிலும் பணியாற்றியவர். பயோவுக்கு வரும் முன் செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டரின் அலுவலகத்தை நடத்தியவர். ஆய்வகத்தில் வாழ்க்கை நடத்தியவர் அல்லர். 1997 பிப்ரவரியில் டாலி என்ற நகலாக்க (குளோனிங்) ஆட்டின் செய்தி வெளியாகி உலகமே மிரண்டபோது, மனிதரை நகலாக்கம் செய்வதைத் தாங்களும் எதிர்ப்பதாக அவர் உடனே அதிபர் கிளின்டனுக்குக் கடிதம் எழுதினார். இதன் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். தன் துறை மீது பழி விழுமுன்பே, எல்லைக்கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதைத் துறையின் வாயாலேயே சொல்லவைத்தார். அதனால் மனிதரை நகலாக்குவதும் உயிரணு ஆய்வும் ஒன்றல்ல என்ற வாதத்துக்குப் பின்னாளில் இடம் கிடைத்தது. ஒரு வழக்கறிஞருக்கு இயல்பாக வரும் நடவடிக்கை அது.

இனி கிரீன்வுட்டுக்கு வருவோம். 1951-இல் பிலடெல்பியாவில் பிறந்த அவர், டிக்கின்சன் கல்லூரியில் சமூகவியல் பட்டம் பெற்றார். ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடம் உதவியாளராக இருந்தார். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான ஒரு விடுதிப் பள்ளியில் பொறுப்பாளராக இருந்தார். பிறகு பக்ஸ் மாவட்டத்தின் குழந்தைகள் நலத் துறையில், அடிபட்டும் கைவிடப்பட்டும் கிடந்த பிள்ளைகளின் வழக்குகளைக் கவனிக்கும் களப்பணியாளராக 1980 வரை பணியாற்றினார். அதன் பின்னர் தேர்தல் அரசியல். ஆறு ஆண்டுகள் பென்சில்வேனியா மாநிலக் கீழவை, ஆறு ஆண்டுகள் மேலவை, 1993 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை. குடியரசுக் கட்சிக்காரர், ஆனால் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த மிதவாதி. அவருடைய தகுதிப் பட்டியலில் உயிரியல் என்ற சொல்லே வரவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு எப்படி இந்தத் துறை அவரைத் தேடி வந்தது? பிரதிநிதிகள் சபையில் அவர் இருந்த குழுவே அதற்குக் காரணம். எரிசக்தி மற்றும் வணிகக் குழு என்ற பெயரைப் பார்த்தால் மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருப்பதாகத் தோன்றாது. ஆனால் மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் எஃப்.டி.ஏ., தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டின் ஒரு பகுதி ஆகியவை அந்தக் குழுவின் வரம்புக்குள்தான் வருகின்றன. மருந்துகளைக் குழந்தைகளிடமும் சோதித்துப் பார்க்கும் நிறுவனத்துக்கு ஆறு மாதம் கூடுதல் தனியுரிமை, அதாவது போட்டி மருந்து இல்லாமல் விற்கும் உரிமை, தரும் ஏற்பாட்டை நீட்டித்த 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தவர்களுள் அவரும், கலிஃபோர்னியாவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் அன்னா எஷூவும் முதன்மையானவர்கள். இந்தப் பெண்மணியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2001-இல் அவர் அந்தக் குழுவின் விசாரணைத் துணைக்குழுவுக்குத் தலைவரானார். அந்த ஆண்டு மார்ச் 28 அன்று மனித நகலாக்கம் பற்றி அவர் நடத்திய விசாரணையில், வேற்றுக்கிரகத்தவரே மனிதரைப் படைத்தனர் என்று போதிக்கும் ரேலியன் குழுவின் தலைவர் ரேல், வெண்ணிற உடையில் உச்சிக்கொண்டையோடு சாட்சி நாற்காலியில் அமர்ந்து தங்கள் நகலாக்கத் திட்டத்தை ஆதரித்துப் பேசினார். கேலிக்கூத்து என்று தள்ளிவிடக்கூடிய காட்சிதான். ஆயினும் நான்கு மாதம் கழித்து நகலாக்கத்தை முற்றாகத் தடைசெய்யும் மசோதா சபைக்கு வந்தபோது, குழந்தை பெறுவதற்கான நகலாக்கத்தை மட்டும் தடுத்து மருத்துவ ஆய்வுக்கு இடம் விட வேண்டும் என்ற மாற்று முன்மொழிவை வைத்து கிரீன்வுட் வாதாடினார். 178-க்கு 249 என்று தோற்றார். பயோ விரும்பியதும் அதே மாற்று வழியைத்தான். துறையின் மனத்தில் அவர் இடம்பிடித்தது இந்தத் தோல்வியில்தான் என்பது என் ஊகம்.

மறுபுறம், நிறுவனங்களுக்கு அவர் இனிமையான மனிதராக மட்டும் இருந்துவிடவில்லை. மோசடியில் சரிந்த எரிசக்தி நிறுவனமான என்ரானின் கணக்குகளை ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கை நிறுவனத்தின் சார்பில் தணிக்கை செய்த டேவிட் டங்கன் 2002 ஜனவரியில் அவர் முன் வந்தபோது, என்ரான் வங்கியைக் கொள்ளையடித்தது, தப்பிச்செல்ல வண்டி கொடுத்தது ஆண்டர்சன், அந்த வண்டியை ஓட்டியவர் நீங்கள் என்கிறார்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். அதே ஆண்டு ஜூனில், எர்பிடக்ஸ் என்ற புற்றுநோய் மருந்தின் விண்ணப்பத்தை எஃப்.டி.ஏ. ஏற்க மறுத்த செய்தி வெளிவரும் முன்பே பங்குகளைக் கைமாற்ற முயன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இம்குளோன் நிறுவனர் சாமுவேல் வாக்சல், கைதான மறுநாளே இந்தத் துணைக்குழுவின் முன் வந்து, தனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதிருக்கும் உரிமையைக் காட்டி வாய் திறக்க மறுத்தார். இம்குளோன் ஓர் உயிரித் தொழில்நுட்ப நிறுவனம். அந்தத் துறையைக் கூண்டில் ஏற்றியவரையே இரண்டு ஆண்டுகளில் அந்தத் துறை தன் குரலாக அமர்த்திக்கொண்டது. இதில் முரண் ஒன்றும் இல்லை. கேள்வி எங்கிருந்து, எப்படி வரும் என்று அறிந்தவருக்கே பதிலைத் தயாரிக்கவும் தெரியும்.

2004 ஜூலையில் அவர் மீண்டும் போட்டியிடுவதில்லை என்று அறிவித்தார். கட்சியின் முதற்கட்டத் தேர்தலை அவர் ஏற்கெனவே வென்றிருந்ததால், அவசரமாக வேறொரு வேட்பாளரைக் கட்சி தேட வேண்டியிருந்தது. 2005 ஜனவரியில் பயோவின் தலைவரானார். அதே மாதத்தில்தான், அவருடைய முழுக் குழுவுக்கும் சற்று முன்வரை தலைவராக இருந்தவரும், முதியோருக்கான மருந்துக் காப்பீட்டுச் சட்டத்தை 2003-இல் நிறைவேற்றியதில் பெரும்பங்கு வகித்தவருமான பில்லி டாசின், ஃபார்மாவின் தலைவரானார். மருந்துத் துறையை மேற்பார்வையிட்ட குழுவின் இரு முக்கியத் தலைவர்கள் ஒரே நேரத்தில் அந்தத் துறையின் ஊதியப் பட்டியலுக்கு மாறியதைப் பத்திரிகைகளும் நுகர்வோர் அமைப்புகளும் கடுமையாகச் சாடின. எனக்கும் அந்தச் சாடல் நியாயமாகவே படுகிறது. பதவியில் இருந்துகொண்டே அடுத்த வேலைக்குப் பேச்சு நடத்துபவர், அந்த இடைக்காலத்தில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் சந்தேகத்துக்கு உள்ளாவதைத் தவிர்க்க முடியாது. சட்டம் ஓராண்டு இடைவெளியை மட்டும் கேட்டது: முன்னாள் உறுப்பினர் அந்த ஓராண்டில் தன் பழைய சகாக்களிடம் நேரடியாகக் கோரிக்கை வைக்கக் கூடாது. ஆனால் யாரிடம், எப்போது, எதைக் கேட்க வேண்டும் என்று தன் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை அது தடுக்கவில்லை. 2007-இல் வந்த சட்டமே, உறுப்பினர்கள் வேலைப் பேச்சு நடத்துவதை அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தது.

அவருடைய 15 ஆண்டுகளில் எதையாவது ஒன்றை மட்டும் விரிவாகப் பார்க்க வேண்டுமானால், அது உயிரியல் மருந்துகளுக்கான 12 ஆண்டுத் தரவுத் தனியுரிமைதான். பின்னணி இது. சாதாரண வேதி மருந்துகளுக்கு 1984-இலேயே ஜெனரிக் மருந்துகளுக்கான, அதாவது மூல மருந்தின் மலிவான நகல்களுக்கான, வழி திறக்கப்பட்டுவிட்டது. உயிருள்ள செல்களில் வளர்த்து எடுக்கப்படும் புரத மருந்துகளுக்கு அப்படியொரு வழி இல்லை. அதைத் திறந்தே ஆக வேண்டும் என்ற அழுத்தம் 2006 வாக்கில் பெருகியது. கேள்வி, எத்தனை ஆண்டு கழித்து என்பதே. மூல நிறுவனம் செய்த சோதனைகளின் தரவை நம்பி, அதையொத்த மருந்தை, அதாவது பயோசிமிலரை, எஃப்.டி.ஏ. அனுமதிக்கக் கூடாத காலமே தரவுத் தனியுரிமை. காப்புரிமை இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். புரத மருந்தின் காப்புரிமை குறுகலானது. மூலக்கூறைச் சற்றே மாற்றி அதைச் சுற்றிப் போய்விடலாம், அதே நேரம் மூல மருந்தின் தரவையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது பயோவின் வாதம்.

பயோ முதலில் 14 ஆண்டுகள் கேட்டது. ஓர் உயிரியல் மருந்தில் போட்ட முதலீட்டை மீட்க 12.9 முதல் 16.2 ஆண்டுகள் ஆகும் என்று டியூக் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஹென்றி கிராபோவ்ஸ்கி வெளியிட்ட கணக்கு அதற்குக் கைகொடுத்தது. எதிர்த்தரப்பும் இளைத்ததன்று. எரிசக்தி மற்றும் வணிகக் குழுவின் தலைவரும், 1984 சட்டத்தோடு பெயர் இணைந்தவருமான ஹென்றி வாக்ஸ்மன் 5 ஆண்டு போதும் என்றார். ஒபாமாவின் வெள்ளை மாளிகை 7 என்றது. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் எஃப்.டி.சி. ஆணையம் 2009 ஜூன் மாத அறிக்கையில், பயோசிமிலர் வந்தாலும் விலை 10 முதல் 30 சதவீதம்தான் குறையும், மூல நிறுவனம் 70 முதல் 90 சதவீதச் சந்தையைத் தக்கவைத்துக்கொள்ளும், ஆகவே 12 முதல் 14 ஆண்டுத் தனியுரிமைக்குத் தேவையே இல்லை என்றது.

இத்தனைக்கும் பிறகு 2009 ஜூலை 31 அன்று, வாக்ஸ்மனின் சொந்தக் குழுவிலேயே 12 ஆண்டுத் திருத்தம் 47-க்கு 11 என்ற கணக்கில் வென்றது. திருத்தத்தைக் கொண்டுவந்தவர்கள் அன்னா எஷூ, வாஷிங்டன் மாநிலத்தின் ஜே இன்ஸ்லீ, டெக்சாஸின் ஜோ பார்ட்டன். முதல் இருவரும் ஜனநாயகக் கட்சியினர். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் சியாட்டிலைச் சுற்றியும் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள். செனட்டிலும் மாசசூசெட்ஸின் எட்வர்டு கென்னடி அதே 12-ஐ ஆதரித்தார். அவர் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் தெருவுக்குத் தெரு இத்தகைய நிறுவனங்கள் உண்டு. குடியரசுக் கட்சிக்காரராக வாழ்ந்த கிரீன்வுட், ஜனநாயகக் கட்சி ஆண்ட நாடாளுமன்றத்தில் இதைச் சாதித்ததன் விளக்கம் இந்த ஊர்ப்பெயர்களில் இருக்கிறது. வாஷிங்டனில் நடக்கும் சந்திப்புகளைவிட, உறுப்பினரின் தொகுதியில் இயங்கும் சிறு நிறுவனத்தின் உரிமையாளர் தன் ஊர்ப் பிரதிநிதியிடம் பேசுவது வலுவானது என்பதை இருபத்து நான்கு ஆண்டுகள் ஓட்டுக் கேட்டு அலைந்த ஒருவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2010 மார்ச் 23 அன்று ஒபாமாவின் நலவாழ்வுச் சட்டத்தோடு 12 ஆண்டுத் தனியுரிமையும் சட்டமானது. அதன் விலையை நோயாளிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கொடுத்தனர் என்று சொல்பவர்களின் பக்கம் நியாயம் உண்டு. புதிய வழியில் முதல் பயோசிமிலர் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2015 மார்ச்சில்தான். பெங்களூரின் பயோகான், மைலானுடன் சேர்ந்து உருவாக்கிய மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் பயோசிமிலர் 2017 டிசம்பரில் அங்கே அனுமதி பெற்றபோது கடந்து வந்த சட்ட வாசல் இதுவே.

அந்த வெற்றியால் உடனடியாகப் பயன் பெற்றவர்கள் ஏற்கெனவே மருந்து விற்றுக்கொண்டிருந்த பெரிய உறுப்பினர்கள். விற்க மருந்தே இல்லாதவருக்கு 12 ஆண்டு என்ன, 20 ஆண்டு என்ன? தலைவரின் உள்வீட்டு வேலை இங்கேதான் தொடங்குகிறது. அதே நலவாழ்வுச் சட்டத்துக்குள், 250 பேருக்கு மேற்படாத ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களின் ஆய்வுச் செலவில் பாதியை ஈடுகட்ட 100 கோடி டாலர் ஒதுக்கீடு ஒன்றையும் பயோ இடம்பெறச் செய்தது. விண்ணப்பங்கள் குவிந்ததால் ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் ஏறத்தாழ 2,44,000 டாலர்தான் கிடைத்தது. ஒரு மருந்தை உருவாக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை. ஆனால் 2010-இல், நிதி நெருக்கடிக்குப் பிறகு முதலீடு வறண்டு கிடந்த வேளையில், சில மாதச் சம்பளத்துக்கு அது போதுமானதாக இருந்தது. 2012 ஏப்ரலில் வந்த ஜாப்ஸ் சட்டம் சிறு நிறுவனங்கள் பங்குச் சந்தைக்குப் போகும் முன் விண்ணப்பத்தை இரகசியமாகத் தாக்கல் செய்யவும், முதலீட்டாளர் மனநிலையை ஆழம் பார்க்கவும் அனுமதித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள் அலையலையாகச் சந்தைக்கு வந்தன. அதே ஆண்டு ஜூலையில், எஃப்.டி.ஏ.வுக்கு நிறுவனங்கள் கட்டணம் செலுத்தும் ஏற்பாட்டைப் புதுப்பித்த சட்டத்தோடு, பெரும் முன்னேற்றம் தரும் மருந்துகளுக்கான விரைவுப் பாதையும் வந்தது. இந்தக் கட்டணச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை காலாவதியாகும். புதுப்பிக்காவிட்டால் மருந்து ஆய்வாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. எனவே எவ்வளவு சண்டை இருந்தாலும் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியே தீரும். கூட்டமைப்புத் தலைவர்கள் தங்கள் நாள்காட்டியை இந்த ஐந்தாண்டுச் சுழற்சியை வைத்தே வகுக்கிறார்கள் என்றால் மிகையில்லை.

2015-இல் வேறுவகைச் சோதனை வந்தது. டூரிங் என்ற நிறுவனம் டாராப்ரிம் என்ற பழைய மருந்தை வாங்கி, மாத்திரை ஒன்றின் விலையை 13.50 டாலரிலிருந்து 750 டாலருக்கு உயர்த்தியது. அதன் தலைவர் மார்ட்டின் ஷ்க்ரெலி நாடே வெறுக்கும் மனிதரானார். டூரிங் பயோவின் உறுப்பினர். செய்தி பற்றியெரிந்த அந்த வாரத்திலேயே பயோ அதை நீக்கி, சந்தாத் தொகையைத் திருப்பி அனுப்பியது. ஃபெல்ட்பாம் 1997-இல் செய்ததன் மறுபதிப்பு இது. எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஆய்வே செய்யாமல் விலையேற்றியவரை விலக்குவது எளிது. ஆய்வும் செய்து ஆண்டுதோறும் விலையையும் ஏற்றிய உறுப்பினர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்தக் கூட்டமைப்பிடம் பதில் இல்லை; இருந்திருக்கவும் முடியாது, ஏனெனில் பெரிய சந்தாக்கள் அவர்களிடமிருந்துதான் வருகின்றன.

உள்நாட்டில் வென்ற 12 ஆண்டுத் தனியுரிமை வெளிநாட்டில் வெல்லவில்லை. பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்திலும் அதே காலத்தை எழுத வேண்டும் என்று துறை கேட்டது; 2015 அக்டோபரில் அட்லாண்டாவில் நடந்த இறுதிப் பேச்சில் கடைசிவரை இழுபறியாக இருந்தது இந்த ஒன்றுதான். ஆஸ்திரேலியா உள்ளிட்டவை அசைந்துகொடுக்காததால் 5 அல்லது 8 ஆண்டு என்ற மழுப்பலில் முடிந்தது. மெக்சிகோ, கனடாவுடனான ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட 10 ஆண்டுகளும் 2019 டிசம்பரில் ஜனநாயகக் கட்சியினரின் வற்புறுத்தலால் நீக்கப்பட்டன. தொகுதியில் தொழிற்சாலை இருக்கும் பிரதிநிதியிடம் செல்லுபடியாகும் வாதம், அத்தகைய தொழிற்சாலை இல்லாத நாட்டிடம் செல்லுபடியாகாது.

2020 ஜூனில் கிரீன்வுட்டின் இடத்துக்கு மிஷெல் மக்மரி-ஹீத் வந்தார். மருத்துவமும் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றவர். செனட் அலுவலகம், எஃப்.டி.ஏ.வின் மருத்துவக் கருவிப் பிரிவு, ஜான்சன் அண்ட் ஜான்சன் ஆகிய மூன்றையும் பார்த்தவர். காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான தகுதிகளைக் கற்பனை செய்வது கடினம். ஆனால் அவர் வந்த நேரம் கொரோனாக் காலம். கூட்டமைப்பின் வருவாய்க்கு முதுகெலும்பாக இருந்த ஆண்டு மாநாடு அந்த ஆண்டு நேரில் நடக்கவில்லை. 2022 ஆகஸ்டில், அரசின் காப்பீட்டுத் திட்டம் மருந்து விலையைப் பேரம் பேச வழிசெய்யும் சட்டம், பயோ, ஃபார்மா ஆகிய இரண்டு கூட்டமைப்புகளின் எதிர்ப்பையும் மீறி நிறைவேறியது. பேரம் பேசிய விலை, மருந்து அனுமதி பெற்றதிலிருந்து வேதி மருந்துகளுக்கு 9 ஆண்டிலும் உயிரியல் மருந்துகளுக்கு 13 ஆண்டிலும் நடைமுறைக்கு வரும் என்ற அதன் பிரிவு, உறுப்பினர்களுக்குள்ளேயே சிலரை மற்றவர்களைவிட அதிகம் தாக்கியது. எந்தப் பிரச்சினைக்கு முன்னுரிமை தருவது என்பதில் இயக்குநர் குழுவுக்கும் அவருக்கும் இருந்த வேறுபாடு பற்றிப் பத்திரிகைகள் எழுதின. அந்த அக்டோபரில் அவர் விலகினார். குழுவின் முன்னாள் தலைவரும் கிளைக்கோமிமெட்டிக்ஸ் நிறுவனருள் ஒருவருமான ரேச்சல் கிங் இடைக்காலப் பொறுப்பை ஏற்றார்.

2024 மார்ச்சில் வந்த ஜான் கிரௌலியின் பாதை முற்றிலும் வேறு. வழக்கறிஞர், ஹார்வர்டில் வணிக மேலாண்மை படித்தவர். 1998-இல் தன் குழந்தைகளில் இருவருக்குத் தசைகளை அரிக்கும் பாம்பே (Pompe) என்ற நோய் இருப்பது தெரியவந்த பின், நோவாசைம் என்ற நிறுவனத்தை வேறொருவரோடு சேர்ந்து வளர்த்து 2001-இல் ஜென்சைமுக்கு விற்றார். பிறகு அமிகஸ் நிறுவனத்தை நடத்தி, அதே நோய்க்கான இன்னொரு சிகிச்சையை 2023-இல் அமெரிக்க அனுமதி வரை கொண்டுசென்றார். நாடாளுமன்றத்தின் நுட்பம் அறிந்தவரைத் தேடிய துறை, விலைச் சட்டத்தில் தோற்றபின், நோயாளிகளின் பெயரால் பேசத் தகுதியுள்ள ஒருவரைத் தேடியிருக்கிறது என்றே இதைப் படிக்கிறேன். ஆனால் அவர் மேசைக்கு முதலில் வந்தது உறுப்பினர் தகராறுதான். சில சீன நிறுவனங்களோடு தொடர்புள்ளோருக்கு அரசு ஒப்பந்தங்களை மறுக்கும் பயோசெக்யூர் மசோதாவை பயோ அதற்கு முன் எதிர்த்திருந்தது. மசோதாவில் பெயர் குறிப்பிடப்பட்ட வூசி ஆப்டெக், பயோவின் உறுப்பினர். பயோவின் சிறிய உறுப்பினர்களில் பலர் அந்த நிறுவனத்திடம்தான் தங்கள் மூலக்கூறுகளைச் செய்து வாங்கினர். கிரௌலி பதவியேற்ற சில நாட்களிலேயே பயோ நிலைப்பாட்டை மாற்றி மசோதாவை ஆதரித்தது. வூசி உறுப்பினர் பட்டியலிலிருந்து வெளியேறியது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. அறிவியல் பட்டம் கட்டாயம் இல்லை. நான் சொன்ன முழுநேரத் தலைவர்கள் நால்வரில் ஆய்வாளராகப் பயிற்சி பெற்றவர் மக்மரி-ஹீத் ஒருவரே, பதவியை விட்டுச் சென்ற மூவரில் அவருடைய காலம்தான் மிகக் குறுகியது. இதை வைத்து அறிவியல் படித்தவர் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கிரீன்வுட்டுக்கு அமைந்த காலமும் மக்மரி-ஹீத்துக்கு அமைந்த காலமும் ஒன்றல்ல. ஓர் ஆய்வறிக்கையைப் படித்து அதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தறியும் அளவுக்கு அறிவியல் வேண்டும். அதை அமைப்பின் நிபுணர் குழுக்களிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொடுக்க முடியாதது வேறு. மசோதாவின் எந்தக் கட்டத்தில் எந்த வரியை மாற்றலாம் என்பதும், இருபது பேர் கொண்ட நிறுவனமும் இருபதாயிரம் பேர் கொண்ட நிறுவனமும் ஒரே அறையில் இருக்கும்போது யாரிடம் முதலில் தனியே பேச வேண்டும் என்பதும் பல ஆண்டுப் பழக்கத்தில்தான் வரும். இந்தப் பதவியைக் குறிவைக்கும் இளைஞர், தேசிய அமைப்பில் தொடங்குவதைவிட மாநில அமைப்பொன்றில் தொடங்குவதே நல்லது என்பேன். மாசசூசெட்ஸின் மாஸ்பயோவை 2007 முதல் 13 ஆண்டுகள் நடத்திய ராபர்ட் காப்லின் மாநிலச் சட்டமன்றத்திலும் மாநில அரசின் பொருளாதாரத் துறையிலும் இருந்து வந்தவர்; அந்த அளவில் உறுப்பினரின் ஆய்வகத்துக்கு நடந்தே போய்விடலாம், அவருக்கு இந்த மாதம் எது தலைவலி என்பதை நேரிலேயே கேட்டறியலாம்.